மணவாளக்குறிச்சி மணலும் மைனஸ் 269 டிகிரியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் நாளிதழில் அருமண் தனிமங்கள் எனப்படும் 17 உலோகங்களைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. மின்சார கார், காற்றாலை, செல்போன், ஏவுகணை என்று காந்தம் போகிற இடமெல்லாம் சொல்லிவிட்டு, சீனா கையை இறுக்கினால் நம் கார் தொழிற்சாலைகள் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இதே தனிமங்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது, அது குளிரூட்டுவது. வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கிற குளிரைச் சொல்லவில்லை, மைனஸ் 250, மைனஸ் 269, அதற்கும் கீழே போகிற குளிர். 2023 ஜனவரியில் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு 19,744 கோடி ரூபாய், அதே வருடம் ஏப்ரலில் தேசிய குவான்டம் திட்டத்துக்கு 6,003 கோடி ரூபாய் என்று மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. ஹைட்ரஜனைத் திரவமாக்குவதாக இருந்தாலும் சரி, மின்தடையே இல்லாத மீக்கடத்திகளால் ஆன குவான்டம் கணினியை ஓட்டுவதாக இருந்தாலும் சரி, முதலில் வேண்டியது இந்தக் குளிர். அதைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகையில் ஒரு பத்தி வந்து நான் பார்க்கவில்லை.

அப்புறம் அந்தக் கட்டுரையோடு ஒரு பெட்டிச் செய்தி இருந்தது, எங்கள் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் இருக்கிற மணவாளக்குறிச்சி மணலில் 17 அருமண் தனிமங்களும் கொட்டிக் கிடக்கின்றன என்று. அது சரியில்லை. ஏன் சரியில்லை என்பதற்கும் நான் சொல்லவந்த குளிருக்கும் நேரடித் தொடர்பு இருப்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

காந்தத்தை வைத்து எப்படிக் குளிரூட்டுவது என்று என் மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் மண்பானையில்தான் ஆரம்பிப்பேன். பானையின் வெளிப்பக்கம் கசிகிற நீர் ஆவியாகிப் போகும்போது உள்ளே இருக்கிற நீரிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்த துளிகள் சிதறிப் போக வெப்பம் தேவைப்படுகிறது, அதை அவை பக்கத்தில் இருப்பதிடம் வாங்கிக்கொள்கின்றன. கடோலினியம் என்கிற அருமண் தனிமம் கலந்த உப்பு ஒன்றை எடுத்துக்கொண்டால் அதில் சிதறுவது நீர்த்துளி கிடையாது, ஒவ்வொரு அயனிக்குள்ளும் இருக்கிற குட்டிக் காந்தத்தின் திசை. சும்மா இருக்கும்போது அவை ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து வலுவான காந்தப்புலம் கொடுத்தால் எல்லாம் ஒரே பக்கம் திரும்பும், அப்போது உப்பு கொஞ்சம் சூடாகும், அந்தச் சூட்டை ஹீலியத் தொட்டியில் விட்டுவிடலாம். பிறகு தொட்டியோடு இருக்கிற தொடர்பைத் துண்டித்து, வெளியிலிருந்து வெப்பம் புகாதபடி செய்துவிட்டு, காந்தப்புலத்தை மெல்லக் குறைத்தால் குட்டிக் காந்தங்கள் மறுபடி சிதறத் தொடங்கும். சிதறுவதற்கு வெப்பம் வேண்டும். வேறு எங்கிருந்தும் கிடைக்காது என்பதால் தான் இருக்கிற படிகத்தின் அதிர்விலிருந்தே அதை எடுத்துக்கொள்ளும். உப்பு குளிர்ந்துவிடும். காந்தவெப்ப விளைவு என்பது இதுதான். பானைக்கு மறுபடி நீர் ஊற்றுகிறோம், இங்கே மறுபடி காந்தப்புலம் கொடுக்கிறோம்.

இதை அறை வெப்பநிலையிலும் செய்யலாம், கடோலினிய உலோகமே 20 டிகிரி செல்சியஸை ஒட்டி நன்றாக வேலை செய்யும். ஆனால் ஒரு டெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கிற அலகு) புலத்துக்கு இரண்டு மூன்று டிகிரிதான் இறங்கும், ஏனென்றால் அந்த வெப்பநிலையில் படிகத்தின் அதிர்வில் கிடக்கிற வெப்பம் மிக அதிகம், குட்டிக் காந்தங்கள் எடுத்துக்கொள்வது அதில் சொற்பம். கீழே போகப் போக நிலைமை தலைகீழாகிவிடுகிறது. படிக அதிர்வின் வெப்பக் கொள்ளளவு வெப்பநிலையின் மும்மடிக்கு ஏற்பச் சரிந்து, ஒன்று இரண்டு கெல்வினில் (மைனஸ் 273 டிகிரி செல்சியஸைப் பூஜ்யமாக வைத்து எண்ணுகிற அளவு கெல்வின்) கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போய்விடும். கடோலினியத்தின் ஒழுங்கின்மை மட்டும் அப்படியே இருக்கும். அதன் அயனிக்கு எட்டு நிலைகள் உண்டு, ஒரு மோலுக்குச் சுமார் 17 ஜூல் ஒரு கெல்வினுக்கு என்கிற கணக்கில் அந்த என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, முழுவதும் கையில் இருக்கும். அதனால்தான் இந்த வித்தை தாழ்வெப்பத்தில் இவ்வளவு வலுவாக இருக்கிறது.

இதை முதலில் செய்துகாட்டியவர் வில்லியம் ஜியோக். யோசனையை அவரும் பீட்டர் டிபையும் தனித்தனியாக 1926, 27 வாக்கில் சொன்னார்கள். யோசனைக்கும் சோதனைக்கும் நடுவில் ஆறேழு வருடம் ஓடிவிட்டது. 1933-ல் பெர்க்லியில் ஜியோக்கும் அவருடைய மாணவர் மெக்டூகலும் 61 கிராம் கடோலினியம் சல்பேட்டை வைத்து மார்ச் 19 அன்று 3.4 கெல்வினிலிருந்து 0.53 கெல்வினுக்கு இறங்கினார்கள், ஏப்ரல் 8-ல் 0.34, மறுநாள் 1.5 கெல்வினில் தொடங்கி 0.25. பயன்படுத்திய காந்தப்புலம் ஒரு டெஸ்லாகூட இல்லை. காமர்லிங் ஓன்னஸ் 1908-ல் லெய்டனில் ஹீலியத்தைத் திரவமாக்கியதிலிருந்து, ஹீலியத்தை எவ்வளவு வேகமாகப் பம்பு வைத்து உறிஞ்சினாலும் ஏறக்குறைய 0.7 கெல்வினுக்குக் கீழே போக முடியாமல் உலகமே நின்றிருந்தது. அந்தச் சுவரை ஒரு கைப்பிடி உப்பு தாண்டியது. ஜியோக்குக்கு 1949-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசைவிட அந்த மூன்று தேதிகள்தான் எனக்கு மனப்பாடம், வகுப்பில் அதை எழுதாமல் நான் வெப்ப இயக்கவியல் பாடத்தை முடித்ததில்லை.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இரண்டரை வருடம் ஒரு பல்கலைக்கழகத்தின் தாழ்வெப்ப ஆய்வகத்தில் திட்ட உதவியாளராக இருந்தேன். திரவ ஹீலியம் வெளியூரிலிருந்து லாரியில் டுவாரில் வரும், டுவார் என்றால் பெரிய பால்கேன் மாதிரி இரட்டைச் சுவர் பாத்திரம். வந்த நாளிலிருந்து தினமும் நூற்றுக்கு ஒரு பங்கு தானாகவே ஆவியாகிக்கொண்டிருக்கும். எவ்வளவு மிச்சம் என்று பார்க்க மெல்லிய எஃகுக் குழாயை உள்ளே இறக்கி மேல்முனையில் இருக்கிற ரப்பர் சவ்வில் கட்டைவிரலை வைப்போம். வாயுவில் இருக்கும்போது சவ்வு படபடவென்று துடிக்கும், முனை திரவத்தைத் தொட்டதும் துடிப்பு நிதானமாகிவிடும், அந்த இடத்தில் குழாயில் அடையாளம் வைத்து அளந்துகொள்வோம். ஒரு லிட்டர் திரவ ஹீலியத்தை ஆவியாக்க 2.6 கிலோஜூல் போதும், அதாவது ஒரே ஒரு வாட் வெப்பம் கசிந்தால் முக்கால் மணி நேரத்தில் ஒரு லிட்டர் காலி. அதனால் இரவு பகலாக வேலை செய்வோம், டுவார் வந்தால் வீட்டுக்குப் போக மாட்டோம்.

அந்த ஆய்வகத்தில் மீட்புக் குழாய் கிடையாது. ஆவியான ஹீலியம் ரப்பர் குழாய் வழியாக ஜன்னலுக்கு வெளியே போனது. ஒரு லிட்டர் திரவம் எழுநூறு லிட்டருக்கும் மேலே வாயுவாகி அப்படியே வானத்துக்குப் போய்விடும், மேலே போன ஹீலியம் பூமிக்குத் திரும்பாது. நாங்கள் அளந்துகொண்டிருந்தது ஒரு கடோலினியச் சேர்மம். குறைந்த காந்தப்புலத்தில் எடுக்க வேண்டிய கடைசி வரிசை அளவீடு பாக்கி இருந்தபோது ஹீலியம் தீர்ந்தது. அடுத்த டுவார் வர ஐந்து மாதம் ஆனது, அதற்குள் திட்டத்தின் காலம் முடிந்துவிட்டது. அந்தக் கடைசி வரிசை இல்லாமல் முழு வேலையும் அப்படியே பெட்டியில் போனது. நான் பள்ளிக்கூட வேலைக்கு வந்துவிட்டேன், அதில் வருத்தமில்லை, ஆனால் ஜன்னல் வழியாகப் போன ஹீலியம் இன்றைக்கும் மனசை அறுக்கிறது. இத்தனைக்கும் ஹீலியம் முதன்முதலில் கண்ணில் பட்டதே நம் பக்கத்தில்தான். 1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணத்தை அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரில் ழான்ஸென் பார்த்தார், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சன் பார்த்தார், சூரியனின் விளிம்பில் தெரிந்த அந்த மஞ்சள் கோடுதான் பின்னால் ஹீலியம் என்று பெயர் பெற்றது.

சரி, சேர்மங்களுக்கு வருகிறேன். ஏன் அருமண் தனிமங்களாகவே இருக்க வேண்டும் என்று கேட்டால், அவற்றின் காந்தத்துக்குக் காரணமான எலக்ட்ரான்கள் அணுவின் உட்பக்கம் ஒளிந்திருக்கின்றன. வெளிக்கூடு மூடி மறைத்திருப்பதால் பக்கத்து அணுவோடு அவ்வளவாகப் பேசுவதில்லை, அதனால் காந்தம் பெரிதாக இருந்தும் மிகக் குறைந்த வெப்பநிலை வரை திசை உறையாமல் சுதந்திரமாகத் திரும்பிக்கொண்டிருக்கும். கடோலினியத்துக்கு இன்னொரு சிறப்பு, அதில் ஏழு தனி எலக்ட்ரான்களும் ஏழு இடத்தில் சமமாக உட்கார்ந்திருப்பதால் அயனி உருண்டையாக இருக்கும், படிகத்தின் எந்தத் திசையும் அதைப் பிடித்து இழுக்காது. டிஸ்ப்ரோசியமும் ஹோல்மியமும் காந்தத்தில் அதைவிடப் பெரியவை, ஆனால் உருண்டையாக இல்லாததால் படிகம் அவற்றின் நிலைகளைப் பிரித்து வைத்துவிடும். ஒரு கெல்வினுக்குக் கீழே கடோலினியம், பத்து இருபது கெல்வினில் ஹோல்மியமும் எர்பியமும் டிஸ்ப்ரோசியமும் என்று பொதுவாக வேலை பிரிவது அதனால்தான்.

இங்கே ஓர் இழுபறி இருக்கிறது, எனக்குப் பிடித்த இடமும் இதுதான். ஒரு கன சென்டிமீட்டரில் கடோலினியத்தை நெருக்கி அடைத்தால் நிறைய வெப்பம் உறிஞ்சலாம், ஆனால் நெருக்கம் கூடினால் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சீக்கிரமே உறைந்து நிற்கும், அதற்குக் கீழே போக முடியாது. தள்ளித் தள்ளி வைத்தால் இன்னும் கீழே போகலாம், ஆனால் உறிஞ்சும் அளவு குறையும். பழைய உப்புகளில் நடுவில் நீர் மூலக்கூறுகளை வைத்து இடைவெளி உண்டாக்கினார்கள். சீரியம் மக்னீசியம் நைட்ரேட் என்கிற உப்பு அப்படித்தான் சில மில்லிகெல்வின் (ஒரு கெல்வினில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிகெல்வின்) வரை போனது. ஆனால் நீர் இருக்கிற உப்பை வெற்றிடத்தில் வைத்தால் நீரை இழந்து பொடியாகிவிடும், சூடாக்கவே கூடாது, மூடி ஒட்டி வைக்க வேண்டும். கடோலினியம் காலியம் கார்னெட் என்கிற படிகம் வேறு வழி கண்டது. அதில் கடோலினியம் முக்கோண முக்கோணமாக அமைந்திருப்பதால் மூன்று பேரில் யார் எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவாகாமல் ஒரு கெல்வினுக்குக் கீழே வரை உறையாமல் இருக்கும். அடர்த்தியும் உண்டு, நீரும் இல்லை. இதே படிகத்தை எழுபதுகளில் வைரத்துக்குப் பதிலாக நகையில் பதித்தார்கள், அவ்வளவு பளிச்சென்று இருக்கும். 2021-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் குழு இட்டர்பியம் இருக்கிற ஒரு போரேட் சேர்மத்தை வைத்து 2 கெல்வினிலிருந்து 22 மில்லிகெல்வினுக்கு இறங்கிக் காட்டியது. அதிலும் நீர் கிடையாது, முக்கோண அமைப்புதான்.

இதெல்லாம் ஆய்வகத்தோடு நிற்கிற விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2023 செப்டம்பரில் ஜப்பானிலிருந்து போன எக்ஸ்-ரே செயற்கைக்கோள் எக்ஸ்ரிஸம், அதில் இருக்கிற ரிசால்வ் என்ற கருவியின் உணரிகள் 50 மில்லிகெல்வினில் இருக்கின்றன. ஓர் எக்ஸ்-ரே துகள் வந்து விழுந்தால் எவ்வளவு சூடாகிறது என்று அளக்கிற கருவி அது, சுற்றுப்புறம் அவ்வளவு குளிராக இருந்தால்தான் அந்தச் சிறு சூடு தெரியும். விண்வெளியில் அந்தக் குளிரைக் கொடுப்பது 1933-ல் ஜியோக் செய்த அதே காந்தநீக்கம், அதாவது காந்தப்புலத்தைக் குறைத்துக் குளிர வைக்கிற வித்தைதான். இதற்கு முன் 2005-ல் போன சுசாகு செயற்கைக்கோளில் இதே மாதிரிக் கருவி இருந்தது, ஒரு மாதத்துக்குள் அதன் திரவ ஹீலியம் முழுவதும் ஆவியாகிப் போய் அந்தக் கருவி பயனில்லாமல் போனது. அந்த அனுபவத்துக்குப் பிறகு ஹீலியம் தீர்ந்தாலும் இயந்திரக் குளிரூட்டியையும் காந்த உப்பையும் வைத்து ஓட்டும்படி அடுத்த கருவிகளை வடிவமைத்தார்கள். ஐந்து மாதம் டுவாருக்குக் காத்திருந்தவனுக்கு அந்த வடிவமைப்பின் அருமை நன்றாகவே புரியும்.

பூமியில், உங்கள் வாசகர்களுக்கு நன்றாகத் தெரிந்த எம்ஆர்ஐ ஸ்கேன் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான கருவியில் ஆயிரம் லிட்டருக்கு மேல் திரவ ஹீலியம் இருக்கிறது. ஆவியாகிறதை உடனுக்குடன் மறுபடி திரவமாக்கும் குளிர்த்தலை ஒன்று மேலே உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருக்கும், ஸ்கேன் அறையில் கேட்கிற அந்த ‘சிப் சிப்’ சத்தம் அதனுடையது. அதற்குள் வெப்பத்தை வாங்கிக் கொடுக்கிற சின்னச் சின்ன உலோக உருண்டைகள் ஒரு காலத்தில் ஈயத்தில் இருந்தன. பத்துப் பதினைந்து கெல்வினுக்குக் கீழே ஈயத்தின் வெப்பக் கொள்ளளவு சரிந்துவிடுவதால் அதற்குக் கீழே இறங்க முடியவில்லை. 1990 வாக்கில் ஜப்பானில் எர்பியம்-நிக்கல் சேர்மத்தையும், பின்னால் ஹோல்மியம்-தாமிரச் சேர்மத்தையும் போட்ட பிறகுதான் 4 கெல்வின் எளிதானது. இது காந்தப்புலம் ஏற்றி இறக்குகிற வேலை இல்லை, குட்டிக் காந்தங்கள் உறைகிற இடத்தில் வெப்பக் கொள்ளளவு எகிறுவதைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள், ஆனால் பண்பு அதேதான். நம் ஊர் மாவட்டத் தலைநகர் மருத்துவமனைவரை ஹோல்மியமும் எர்பியமும் இப்படி வந்து சேர்ந்திருக்கின்றன.

குவான்டம் கணினிக்கு 10, 20 மில்லிகெல்வின் வேண்டும். அதற்கு இன்று பெரும்பாலும் பயன்படுத்துவது ஹீலியம்-3 கலந்த கருவி. ஹீலியத்தின் இலேசான வகையான ஹீலியம்-3 இயற்கையில் கிடைப்பது அரிது, கதிரியக்க ஹைட்ரஜனான டிரிட்டியம் சிதைவதிலிருந்து வருகிறது, டிரிட்டியம் இருப்பது அணு ஆயுத நாடுகளின் கையிலும் சில அணு உலைகளிலும். குவான்டம் கணினியின் அடிப்படை அலகான க்யூபிட்களை நிறைய அளவில் ஒரே நேரத்தில் குளிரூட்டுகிற அளவுக்குக் காந்த உப்பு இன்னும் போட்டி போட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒரு சில்லைச் சோதித்துப் பார்க்க, ஒரு பொருளை அளக்க, மாணவர்கள் கற்றுக்கொள்ள அது தாராளமாகப் போதும். ஜெர்மனியில் ஹீலியம்-3 இல்லாத காந்தக் குளிரூட்டிகளை விற்கவே தொடங்கிவிட்டார்கள்.

ஹைட்ரஜன் கதை இதைவிடப் பெரிது. ஹைட்ரஜன் 20 கெல்வினில் திரவமாகிறது. இன்றைய ஆலைகளில் ஒரு கிலோவைத் திரவமாக்க 10 முதல் 13 யூனிட் மின்சாரம் ஆகிறது, அந்த ஒரு கிலோவுக்குள் இருக்கிற ஆற்றலே 33 யூனிட்தான். மூன்றில் ஒரு பங்கு குளிரூட்டுவதிலேயே போகிறது. கோட்பாட்டின்படி நான்கு யூனிட்டுக்குள் முடிய வேண்டிய வேலை அது. அமுக்கி விரியவிடுகிற முறைக்குப் பதிலாகக் காந்த முறையில் செய்தால் இந்த இழப்பைக் குறைக்கலாம் என்று பல நாடுகளில் முயல்கிறார்கள், தொழிற்சாலை அளவில் இன்னும் யாரும் ஓட்டிக் காட்டவில்லை. ஒவ்வொரு சேர்மமும் தன் காந்த மாற்ற வெப்பநிலையை (குட்டிக் காந்தங்கள் உறைகிற வெப்பநிலை) ஒட்டித்தான் நன்றாக வேலை செய்யும் என்பதால் ஒரு படிக்கட்டு மாதிரி அடுக்க வேண்டும். அலுமினியத்தோடு டிஸ்ப்ரோசியம் சேர்ந்தால் 60 கெல்வினை ஒட்டி, ஹோல்மியம் சேர்ந்தால் 30-ஐ ஒட்டி, எர்பியம் சேர்ந்தால் 13-ஐ ஒட்டி. 2020-ல் ஜப்பானின் ட்சுகுபாவில் இருக்கிற பொருளறிவியல் நிறுவனத்தில், வெளிவந்த அளவீடுகளையெல்லாம் கணினிக்குக் கொடுத்துக் கற்பித்து, இதுவரை அளக்காத சேர்மங்களில் எது நன்றாக இருக்கும் என்று கேட்டார்கள். ஹோல்மியம் டைபோரைடு வந்தது. செய்து பார்த்தால் 15 கெல்வினில், 5 டெஸ்லா புலத்தில், கிலோவுக்கு ஒரு கெல்வினுக்கு 40 ஜூல் என்ட்ரோபி மாற்றம். ரொம்பப் பெரிய எண் அது.

திரவ ஹைட்ரஜன் நமக்குப் புதிதில்லை. எங்களுக்குப் பக்கத்திலேயே மகேந்திரகிரியில் இஸ்ரோ அதைக் கையாண்டுகொண்டிருக்கிறது, கிரையோஜெனிக் எஞ்சின் அங்கேதான் சோதிக்கப்படுகிறது. 20 கெல்வின் தெரிந்த ஆட்கள் இங்கே இருக்கிறார்கள்.

இப்போது பெட்டிச் செய்திக்கு வருகிறேன். மணவாளக்குறிச்சி மணலில் இருக்கிற அருமண் கனிமம் மோனசைட். கயிற்றோடு ஒட்டிக்கொண்டு திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன மணலில் 1909-ல் ஒரு ஜெர்மன் வேதியியலர் அதைக் கண்டுபிடித்தார், அன்று அவர்களுக்கு வேண்டியது எரிவாயு விளக்கின் மேண்டிலுக்கான தோரியம். இந்த மோனசைட்டில் இருக்கிற அருமண்ணில் கிட்டத்தட்டப் பாதி சீரியம், மீதியில் பெரும்பங்கு லாந்தனமும் நியோடிமியமும், கொஞ்சம் பிரசியோடிமியம். இவையெல்லாம் இலேசான வகை. கடோலினியம் சிறிதளவு உண்டு. நான் இவ்வளவு நேரம் பேசிய ஹோல்மியம், எர்பியம், டிஸ்ப்ரோசியம், இட்டர்பியம் எல்லாம் கனமான வகை, அவை நம் மணலில் சுவடு அளவுக்கே இருக்கின்றன. கனமான வகை உலகத்துக்கு வருவது பெரும்பாலும் தென்சீனாவிலும் மியான்மரிலும் இருக்கிற களிமண் படிவுகளிலிருந்து. 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்ட ஏழில் கடோலினியமும் டிஸ்ப்ரோசியமும் இருந்தன. அக்டோபரில் ஹோல்மியம், எர்பியம், இட்டர்பியம் உட்பட இன்னும் ஐந்தைச் சேர்த்தார்கள், அடுத்த மாதமே அதை ஒரு வருடத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். நிறுத்தி வைத்ததுதான், எடுத்துவிடவில்லை. உங்கள் கட்டுரை டிஸ்ப்ரோசியத்தைக் கார் மோட்டாருக்காக மட்டும் சொன்னது. பட்டியலில் ஹோல்மியம் வந்தால் எம்ஆர்ஐ குளிர்த்தலை என்ன ஆகும் என்று யாராவது கேட்டிருக்க வேண்டாமா?

ஆனால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதும் இல்லை. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகக் குழு 2023-ல் இலேசான அருமண் தனிமங்களை வைத்தே ஹைட்ரஜன் திரவமாக்கலுக்கான சேர்மங்களை வடிவமைக்க முடியும் என்று காட்டியது. பிரசியோடிமியமும் அலுமினியமும் சேர்ந்த சேர்மம் 30 கெல்வினை ஒட்டி வேலை செய்கிறது, நியோடிமியத்தைக் கலந்தால் மேலே ஏறும், சீரியத்தைக் கலந்தால் கீழே இறங்கும், இப்படிக் கலந்து கலந்து நைட்ரஜன் திரவமாகிற 77 கெல்வினிலிருந்து ஹைட்ரஜன் திரவமாகிற 20 கெல்வின் வரை படிக்கட்டுக் கட்டலாம். ஹோல்மியத்தின் காந்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான் இவற்றுக்கு, அதனால் விளைவும் குறைவு, வலுவான புலம் வேண்டும். ஆனால் இந்த மூன்றும் நம் மோனசைட்டில் இருப்பவை. அதிலும் சீரியம் உலகம் முழுக்கத் தேவைக்கு மேல் கிடக்கிறது, காந்தத் தொழில் அதைப் பெரிதாகக் கேட்பதில்லை. எந்த நாட்டுக்கு இந்த வழி மிகவும் பொருத்தம் என்றால் நம் நாட்டுக்குத்தான், இதை நம்முடைய ஆய்வகம் ஒன்று முதலில் செய்திருக்கலாமே என்று அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. காந்தவெப்ப விளைவில் மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்திலும் ஐஐடிகளிலும் பல ஆண்டுகளாக நல்ல வேலை நடந்திருக்கிறது, அளக்கத் தெரியாத நாடு இல்லை இது. அளந்ததைக் கிலோக் கணக்கில் செய்து, உருண்டையாக்கி, ஒரு கருவிக்குள் போட்டு ஓட்டுகிற இடத்துக்குத்தான் ஆள் வேண்டும், பணம் வேண்டும்.

இதைச் சொல்வதால் மணலை இன்னும் தோண்டுங்கள் என்று எழுதுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் மாவட்டத்துக் கிள்ளியூர் வட்டாரத்தில் மணல் எடுப்பதற்கு எதிராக மக்கள் நிற்பது உங்களுக்குத் தெரியும், என் சொந்தக்காரர்கள் பலர் கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள், அவர்களுடைய பயத்தைப் பேசித்தான் தீர்க்க வேண்டும், எந்தத் திட்டத்தின் பெயராலும் ஒதுக்கிவிடக் கூடாது. நான் கேட்பது ஏற்கனவே எடுத்து, ஏற்கனவே பிரித்ததிலிருந்து. ஒடிசா சத்ரபூரில் மோனசைட்டை வேதிமுறையில் உடைக்கிறார்கள், கேரளத்து ஆலுவாவில் சுத்தம் செய்கிறார்கள், அங்கே வெளிவரும் சீரியத்திலும் பிரசியோடிமியத்திலும் ஒரு சிறு பங்கு ஆய்வுக்குப் போனால் போதும்.

குவான்டம் திட்டத்தின் பணத்தில் ஒரு பகுதி ஹீலியம் மீட்புக்கும் காந்த உப்புப் படிகங்களுக்கும் போக வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தில் படிக வளர்ப்புக்கென்றே ஒரு மையம் இருக்கிறது, கடோலினியம் கார்னெட் அங்கே முடியாத காரியம் இல்லை. மயிலாடுதுறைப் பக்கம் குத்தாலத்தில் ஓஎன்ஜிசி எடுக்கிற இயற்கை வாயுவில் ஹீலியம் இருக்கிறது, ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராத அளவு. அதையும் பிரித்தெடுக்க அங்கே ஒரு சோதனை ஆலை அமைத்தார்கள். இது எத்தனை வாசகர்களுக்குத் தெரியும்? உங்கள் டெல்டா நிருபர் அங்கே போய் அந்த ஆலை இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டு எழுதினால் நான் முதல் ஆளாகப் படிப்பேன். புதிதாகத் தாழ்வெப்ப ஆய்வகம் கட்டுகிற எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் மீட்புக் குழாய் இல்லாமல் பணம் கொடுக்கக் கூடாது என்று ஒரு விதி போட்டால் அதற்குப் பெரிய செலவும் ஆகாது.

இடம் போதாமல் கடிதத்தைச் சுருக்குவதாக இருந்தால் என் ஆய்வகக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள். மோனசைட்டில் எது இருக்கிறது, எது இல்லை என்கிற பத்தியை மட்டும் தயவுசெய்து முழுதாகப் போடுங்கள், பெட்டிச் செய்தியைப் படித்த பிள்ளைகள் தேர்வில் அப்படியே எழுதிவிடுவார்கள். மணவாளக்குறிச்சிக்கு நிருபரை அனுப்பினால் நானும் கூட வருகிறேன், கறுப்பு மணலில் எது இல்மனைட், எது கார்னெட், தேன் நிறத்தில் மினுக்குகிற மோனசைட் எது என்று கையில் எடுத்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
நாகர்கோவில்